ஒரு தரம், ரெண்டு தரம், என் தரம்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ஷோகேஸ் உண்டு. அதில் ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, என் மகள் ஐந்தாம் வகுப்பில் வாங்கிய ஆறுதல் பரிசு, கிரகப்பிரவேசத்துக்கு யாரோ கொடுத்து, இன்றுவரை வேறு யார் தலையிலும் கட்ட முடியாத ஒரு கடிகாரம். இவற்றுக்கு மேல் தட்டு முழுக்கக் காலி. அந்தக் காலி இடம் எனக்கு 52,000 ரூபாய் ஆயிற்று.

ரிட்டயர் ஆனவனுக்கு ஆபத்து இரண்டு. கையில் கொஞ்சம் பணம். அதே கையில் செல்போன்.

2011 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை தோனி சிக்ஸர் அடித்து முடித்தாரே, அந்த மட்டையை மூன்றே மாதத்தில் லண்டனில் ஒரு தர்ம காரியத்துக்காக ஏலம் விட்டார்கள். 1 லட்சம் பவுண்டுக்குப் போனது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் சென்னைப் பெண் பவானி தேவி சுழற்றிய வாள், 2021-ல் மத்திய அரசு நடத்திய மின் ஏலத்தில் ஒன்றேகால் கோடிக்குப் போனது. நீரஜ் சோப்ராவின் ஈட்டி ஒன்றரைக் கோடி. இதையெல்லாம் படிக்கிற நல்ல மூளைக்கு, ‘நல்ல காரியத்துக்காக அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள்’ என்று புரியும். என் மூளைக்கு, ‘மட்டை தங்கத்தைவிட வேகமாக ஏறுகிறது’ என்று புரிந்தது.

வீட்டம்மாவிடம் சொன்னேன்.

“அப்ப தங்கமே வாங்கலாமே?”

“தங்கத்துல யார் கையெழுத்துப் போட்டிருக்காங்க?”

“ஏன், 916-னு போட்டிருக்காங்களே.”

அன்றே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஒரு பொருளின் அருமை வேறு, அது அசல்தான் என்பதற்கு அத்தாட்சி வேறு என்ற ஏலத் தொழிலின் மூல ரகசியத்தைக் காய்கறி நறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

ஏலம் என்றால் எனக்குத் தெரிந்தது மூன்று. ஏலச்சீட்டு, நகைக்கடன் ஏல நோட்டீஸ், கோவில் ஏலம். விழுப்புரம் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்கு முருகன் வேலில் செருகிய எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுப்பார்கள். எடுக்கிறவன் சாறு பிழிய எடுப்பதில்லை. வேலில் இருந்தது என்பதற்குத்தான் அந்த விலை. வேலில் இருந்ததை ஊரே பார்த்திருக்கிறது; அதனால் அங்கே தகராறு இல்லை. விளையாட்டுச் சாமான் ஏலத்தில் எலுமிச்சம்பழத்தை மட்டும் காட்டுவார்கள். வேலை நாம் நம்பிக்கொள்ள வேண்டும்.

நான் நம்பியது இதை: ‘1986 சென்னை டெஸ்ட். இந்திய அணியினர் கையெழுத்திட்ட மட்டை. அரிய பொருள். ஆரம்ப விலை ரூ.8,000.’

1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை சேப்பாக்கம். வெயிலில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்து எடுத்து 210 அடித்தார். அவுட்டானதும் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். கபில்தேவ் 119. கடைசி நாளில் நமக்கு இலக்கு 348. எடுத்தது 347. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆட்டம் டை. டெஸ்ட் கிரிக்கெட் வரலாற்றில் இப்படி முடிந்தது இரண்டே தடவை; அதில் ஒன்று நம் சேப்பாக்கத்தில்.

அந்த ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். இதை 38 வருஷமாகக் கல்யாண வீடு, காரிய வீடு என்று பேதம் பார்க்காமல் சொல்லிவருகிறேன். எங்கள் தெரு நாய்க்குக்கூட மணீந்தர் எப்படி அவுட்டானார் என்பது தெரியும்.

ஏலக் கம்பெனியில் பெயரைப் பதிவு செய்யப் போனால் ஓ.டி.பி. வரவில்லை. மூன்று தரம் முயன்றேன். பொறுமை போய், வீட்டம்மாவின் போனை எடுத்து அவள் நம்பரில் பதிவு செய்தேன். உடனே வந்தது. அதில் ‘தானியங்கி ஏலம்’ என்று ஒரு வசதி. நம் உச்சவரம்பைச் சொல்லிவிட்டால் போதும். யாராவது கூடக் கேட்டால் நமக்காக அதுவே 500, 500-ஆக ஏற்றிக் கேட்டுக்கொள்ளும். உலகம் எங்கே போய்விட்டது என்று வியந்தபடி 40,000 என்று போட்டேன். மறுநாள் என் போனிலும் ஓ.டி.பி. வந்துவிட்டது. என் பெயரிலும் பதிவு செய்துகொண்டேன். முந்தைய நாள் செய்ததைச் சுத்தமாக மறந்துபோனேன். அறுபதுக்கு மேல் மூளையும் ஒரு தானியங்கிதான். வேண்டாததைத் தானாகவே அழித்துக்கொள்ளும்.

கடைசி நாள் இரவு. 9 மணிக்கு ஏலம் முடியும். நான் சாய்வு நாற்காலியில் போனும் கையுமாக உட்கார்ந்தேன். யாரோ ஏற்கெனவே 8,000 கேட்டிருந்தார்கள். நான் 8,500 என்றேன். நான் விரலை எடுப்பதற்குள் 9,000 என்று வந்தது. நான் 9,500. அவன் 10,000. நான் 12,000. அவன் 12,500. கண் சிமிட்டக்கூட நேரம் தராமல் அடிக்கிறான்.

“யாரோ பெரிய கையா இருக்கான்” என்றேன்.

“விட்டுடுங்களேன்” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

விடுவதா? எதிரியை நான் மனக்கண்ணில் பார்த்துவிட்டேன். போயஸ் தோட்டத்துக்காரன். நாய் வளர்க்கிறான். நாயின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. வாழ்க்கையில் எனக்கு முன்னால் வரிசையில் புகுந்தவர்கள், என் புரமோஷனைத் தட்டிப் போனவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்த ஒருவனாகி எனக்கெதிரே நின்றார்கள். 20,000. 28,000. 35,000. ஒவ்வொன்றுக்கும் மேல் 500 வைத்துச் சிரித்தான். 39,500 என்று அழுத்தியபோது எனக்குக் கை நடுங்கியது. 40,000 என்று வந்தது. அதற்கு மேல் போனால் எல்.ஐ.சி. பணத்தில் கை வைக்க வேண்டும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். தோற்றாலும் கௌரவமான தோல்வி.

ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்.

சமையலறையில் போன் ‘டிங்’ என்றது.

“என்னங்க, நான் என்னத்தையோ ஜெயிச்சிருக்கேனாம். 40,000-னு போட்டிருக்கு. பரிசுச்சீட்டா?”

மறுநாள் கம்பெனிக்குப் போன் செய்து விவரத்தைச் சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு விதிமுறை படித்தாள். கேட்ட விலை கேட்ட விலைதான். தவிர, ஒரே வீட்டிலிருந்து இரண்டு பெயரில் ஏலம் கேட்டு விலையை ஏற்றிவிடுவது குற்றம். இந்த முறை எச்சரிக்கையோடு விடுகிறார்களாம்.

“சரிம்மா, எங்களைத் தவிர வேற எத்தனை பேர் கேட்டாங்க?”

“வேற யாரும் கேட்கலை சார்.”

ஆக, 8,000 ரூபாய் மட்டையை என்னோடு நானே மோதி 40,000-க்கு ஏற்றியிருக்கிறேன். உலகத்தில் விற்கிறவன் ஆள் வைத்து விலையை ஏற்றுவதுண்டு. அமெரிக்காவில் பில் மாஸ்ட்ரோ என்று ஒரு பெரிய ஏலக்காரர். தன் கம்பெனி ஏலத்திலேயே பொய்யான ஆட்களைக் கேட்க வைத்து விலையை ஏற்றியதாக 2013-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். ஹோனஸ் வாக்னர் என்ற பழைய பேஸ்பால்காரரின் படம் போட்ட சிகரெட் அட்டை ஒன்று, 2007-ல் 28 லட்சம் டாலருக்குக் கைமாறிய அட்டை, அதன் ஓரத்தைப் புதுசு போலத் தெரியத் தானே நறுக்கியதையும் ஒப்புக்கொண்டார். 2015-ல் 20 மாதம் சிறைத்தண்டனை விதித்தார்கள். ஆனால் வாங்குகிறவனே வீட்டம்மா பெயரில் ஆள் வைத்துத் தனக்குத்தானே விலையை ஏற்றிக்கொண்டது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இந்தக் கதையை ஆறுதலுக்காக வீட்டம்மாவிடம் சொன்னேன். “அவன் அடுத்தவன் காசை ஏத்திவிட்டான். அதுல ஒரு அர்த்தம் இருக்கு” என்றாள்.

பில் வந்தது. மட்டை 40,000. ‘வாங்குபவர் கமிஷன்’ 20 சதவீதம், 8,000. அந்தக் கமிஷனுக்கு ஜி.எஸ்.டி. 1,440. பெட்டி, இன்சூரன்ஸ், கூரியர் 2,560. மொத்தம் 52,000. ஏலத்தில் சுத்தியல் விழுகிற விலை என்பது கல்யாண மண்டப வாடகை மாதிரி. கரண்டு, தண்ணீர், துப்புரவு எல்லாம் தனி. நான் மட்டும் ஏமாந்தவனில்லை. பிராட்மன் 1947-48-ல் நம் நாட்டுக்கு எதிராக ஆடியபோது போட்டிருந்த பச்சைத் தொப்பி 2024 டிசம்பரில் சிட்னியில் ஏலம் போனது. சுத்தியல் விழுந்தது 3,90,000 ஆஸ்திரேலிய டாலரில். கமிஷன் சேர்ந்து வாங்கியவர் கட்டியது 4,79,700. தலைக்குப் போடுகிற தொப்பியிலேயே 23 சதவீதம் தொப்பி போட்டிருக்கிறார்கள்.

நான்காம் நாள் மட்டை வந்தது. வெல்வெட் துணி, கண்ணாடிப் பெட்டி, பளபளவென்று ஒரு சான்றிதழ். ‘இந்த மட்டையில் உள்ள கையெழுத்துகள் உண்மையானவை என்று இதன்மூலம் சான்றளிக்கிறோம்.’ கீழே ஒரு கையெழுத்து. யாருடையது என்று தெரியவில்லை. அது உண்மையானது என்பதற்கு வேறு சான்றிதழ் இல்லை.

ஷோகேஸில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். கண் கலங்கியது. மச்சினரைக் கூப்பிட்டு, மேல்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் காபியோடு மணீந்தர் சிங்கையும் கொடுத்தேன். எல்லாம் மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுப் பேரன் வரும்வரைதான். அவனுக்குப் பதினொரு வயசு. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினான்.

“தாத்தா, டீம்ல எத்தனை பேரு?”

“பதினொண்ணு.”

“இதுல பன்னிரண்டு இருக்கே.”

“பன்னிரண்டாவது ஆள் இருப்பார்டா. தண்ணி கொண்டு வர்றவர்.”

“அது சச்சின் தாத்தா.”

வாங்கிப் பார்த்தேன். சச்சின்தான். அவர் முதல் டெஸ்ட் ஆடியது 1989 நவம்பரில். 1986 செப்டம்பரில் அவருக்குப் பதின்மூன்று வயசு. பம்பாயில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். பரீட்சை நேரத்தில் சேப்பாக்கத்துக்கு வந்து மட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்க நியாயமில்லை.

“பின்னாடி எப்பவாவது வாங்கியிருப்பாங்க” என்றேன். குரலில் சுரத்து இல்லை.

வீட்டம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தாள். கையெழுத்துப் பக்கமே அவள் போகவில்லை. மிக்ஸி வாங்கினாலும் முதலில் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்கிறவள். மட்டையைக் கவிழ்த்தாள். பின்னால், கைப்பிடிக்குக் கீழே, நகம் அளவுக்கு ஒரு ஸ்டிக்கர் பாதி கிழிந்து ஒட்டியிருந்தது.

“என்னங்க, இதுல கஸ்டமர் கேர் நம்பர் போட்டிருக்கு.”

“அதனால என்ன?”

“பத்து நம்பர் இருக்கு. செல் நம்பர்.”

வீடு அமைதியாக இருந்தது. இந்தியாவில் செல்போன் மணி முதலில் அடித்ததே 1995-ல்தான். 1986-ல் திருச்சிக்கு டிரங்க் கால் போட்டுவிட்டுக் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பேசுவோம். நான் அந்த நம்பருக்குப் போன் போட்டுப் பார்த்தேன். எடுத்தார்கள். மட்டைக்கு ஆறு மாதம் வாரண்டி உண்டாம்.

அன்றிலிருந்து எனக்கும் விற்றவருக்கும், நடுவில் கம்பெனிக்கும் கடிதப் போக்குவரத்து. நான் மூன்று பக்கம் எழுதினேன். மூன்று வரியில் பதில் வந்தது. ‘விளக்கத்தில் “1986 சென்னை டெஸ்ட்” என்பது நிகழ்வைக் குறிக்கிறது, மட்டை தயாரித்த ஆண்டை அல்ல. கையெழுத்துகள் பல காலகட்டங்களில் பெறப்பட்டிருக்கலாம். பொருள் “உள்ளது உள்ளபடி” விற்கப்பட்டது.’

உள்ளது உள்ளபடி! வள்ளலார் வாக்கு போல ஒலிக்கிற இந்த இரண்டு சொல்லுக்கு ஏலத் தமிழில் அர்த்தம், ‘கண் உனக்கு, காசு எனக்கு’.

விற்பனையை ரத்து செய்யச் சொல்லிப் போராடினேன். முன்னுதாரணமும் கொடுத்தேன். அமெரிக்கக் கால்பந்தில் டாம் பிரேடி ஓய்வு பெற்றதும் அவர் கடைசியாக டச் டவுனுக்கு வீசிய பந்து ஏலத்துக்கு வந்தது. 2022 மார்ச் 12-ஆம் தேதி 5,18,628 டாலருக்குப் போனது. மறுநாளே பிரேடி, ‘ஓய்வெல்லாம் இல்லை, திரும்பி வருகிறேன்’ என்றார். கடைசிப் பந்து கடைசிப் பந்தாகவே இல்லாமல் போயிற்று. விற்றவர் பொய் சொல்லவில்லை, வாங்கியவர் ஏமாறவில்லை. ஆனாலும் விற்பனையை ரத்து செய்துவிட்டார்கள். அந்தப் பெருந்தன்மையைப் பாருங்கள் என்று எழுதினேன். ‘எங்கள் பொருள் ஓய்விலிருந்து திரும்பவில்லை’ என்று பதில். கம்பெனியில் யாரோ கட்டுரை எழுதுகிறவர் இருக்கிறார்.

கேஸ் போடலாமா என்று மச்சினரைக் கேட்டேன். அவர் வக்கீல்.

“போடலாம் மாப்பிள்ளை. ஆனா அந்த பாரி பாண்ட்ஸ் பந்துக் கதை தெரியுமா?” என்றார். 2001-ல் சான் பிரான்சிஸ்கோவில் பேஸ்பால்காரர் பாண்ட்ஸ் அடித்த 73-ஆவது ஹோம் ரன் பந்து. கூட்டத்தில் ஒருவர் கையுறையில் வந்து விழுந்தது. ஜனம் அவர் மேல் பாய்ந்து அமுக்கியதில் நழுவி இன்னொருவரிடம் போனது. இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு வருஷம் கழித்து நீதிபதி, ‘விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றார். பத்து லட்சம் டாலருக்கு மேல் போகும் என்று பேசப்பட்ட பந்து 2003-ல் நாலரை லட்சத்துக்குத்தான் போனது. முதலில் பிடித்தவருக்கு வந்த வக்கீல் பில் அவர் பங்கைவிடப் பெரியது.

“இதுல உங்களுக்கு என்ன தெரியுது?” என்றார் மச்சினர்.

“வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்னு தெரியுது.”

ஆறுதல் தேடி இன்னும் தோண்டினேன். 1990-களில் அமெரிக்க எஃப்.பி.ஐ. போலிக் கையெழுத்துக் கும்பல் ஒன்றைப் பிடித்தது. அள்ளிய சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் இருந்தது. கொல்கத்தா மடத்தில் அவர் பேஸ்பால் ஆடினாரா என்று வாங்குகிறவர்கள் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். பதின்மூன்று வயசுச் சச்சினை வாங்கிய நான் இதைக் கேட்கத் தகுதியில்லாதவன்.

எனக்கு உண்மையாகவே தெம்பு கொடுத்தது சோபர்ஸ் பந்து. 1968 ஆகஸ்ட் 31, வேல்ஸில் ஸ்வான்ஸி மைதானம். மால்கம் நாஷ் போட்ட ஒரே ஓவரில் சோபர்ஸ் ஆறு சிக்ஸர். அந்தப் பந்து என்று ஒன்றை 2006-ல் லண்டனின் பெரிய ஏலக் கம்பெனி விற்றது. 26,400 பவுண்டு. சோபர்ஸே கையெழுத்திட்ட சான்றிதழ் வேறு. பிறகு கிரஹாம் லாய்ட் என்ற பத்திரிகையாளர் துருவிப் பார்த்து ஒரு புத்தகமே எழுதினார். விற்ற பந்து ட்யூக் தயாரிப்பு. அன்றைக்கு வீசியது சர்ரிட்ஜ் தயாரிப்பு என்றார் வீசிய நாஷ். அடித்தவர் ஒன்று சொன்னார், போட்டவர் வேறொன்று சொன்னார்.

“பாத்தியா? அவ்வளவு பெரிய இடத்துலயே இப்படி!” என்றேன்.

“வாங்கினது யாருங்க?”

“இந்தியாவைச் சேர்ந்த ஒருத்தர்.”

“அதானே பார்த்தேன்” என்றாள்.

போன பணத்தைக் கொஞ்சமாவது மீட்க வேண்டும். அப்போதுதான் பிரிட்டானியா தகர டப்பா ஞாபகம் வந்தது. எங்கள் அம்மாவின் டப்பா. அதில் ரேஷன் கார்டு, செல்லாத கே.வி.பி. பத்திரம், இவற்றுக்கு அடியில் இருந்தது 1986 சேப்பாக்கம் டிக்கெட்டின் மீதித் துண்டு. இதோ என் எலுமிச்சம்பழம்! இது அசல். சச்சின் இல்லை, செல் நம்பர் இல்லை. வேறொரு கம்பெனியில் ஏலத்துக்குக் கொடுத்தேன்.

விளக்கம் எழுத உட்கார்ந்தபோதுதான் விற்கிறவனின் கஷ்டம் விளங்கியது. டிக்கெட்டின் மூலையில் ஒரு காபிக் கறை. ‘காலத்தின் பழுப்பு’ என்று எழுதினேன். குறுக்கே ஒரு மடிப்பு, கிட்டத்தட்டக் கிழிசல். ‘பழமைக்கே உரிய மடிப்பு.’ பின்பக்கம் அம்மா அந்தக் காலத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: து.பருப்பு 1 கி., புளி ½ கி., வசம்பு. இதை மறைக்க முடியாது. நெடுநேரம் யோசித்து, ‘பின்புறம் அக்காலக் கையெழுத்துடன்’ என்று எழுதினேன். முத்தாய்ப்பாக, பேனா தானாகவே எழுதியது: ‘உள்ளது உள்ளபடி.’

எழுதி முடித்துப் படித்தால், எனக்கு மட்டை விற்ற அந்த மகாபாவி எழுதியது போலவே இருந்தது.

இரண்டே பேர் கேட்டார்கள். ஒருவர், ‘பின்புறம் யாருடைய கையெழுத்து? ஸ்ரீகாந்தா?’ என்று விசாரித்தார். பொய் சொல்லவில்லை, பதிலே சொல்லவில்லை. அவர் விலகிவிட்டார். இன்னொருவர் 6,000-க்கு எடுத்தார். அவரிடம் 20 சதவீதம் கமிஷன் பிடித்த கம்பெனி, என்னிடமும் 15 சதவீதம் பிடித்தது. 900 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. 162, போட்டோ எடுத்த கூலி 500. என் கைக்கு வர வேண்டியது 4,438. வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் சண்டை வந்தால் ஏலக் கம்பெனி ஏன் அவ்வளவு நிதானமாக மூன்று வரி எழுதுகிறது என்பது எனக்கு அன்று புரிந்தது.

பணம் வருமுன் வாங்கியவரிடமிருந்து ஒரு நிபந்தனை வந்தது. ‘டிக்கெட்டின் சொந்தக்காரர், ஆட்டத்தின் கடைசிப் பந்தை நேரில் பார்த்ததாக எழுதி, கையெழுத்திட்டு, போன் நம்பரோடு தர வேண்டும்.’

எனக்கு வேர்த்துவிட்டது.

வாசகர்களிடம் ஒளிப்பதற்கு இனி என்ன இருக்கிறது? அன்றைக்கு நான் மைதானத்தில் இருந்தது உண்மை. திங்கட்கிழமை, ஆபீசுக்கு வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்திருந்தேன். கவாஸ்கர் பிரமாதமாக ஆடி 90-ல் அவுட்டானார். ‘சரி, இனி சப்பென்று டிராதான், கூட்டத்துக்கு முன்னால் கிளம்பினால் ரயிலில் உட்கார இடம் கிடைக்கும்’ என்று கணக்குப் போட்டு எழுந்துவிட்டேன். பார்க் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். உட்கார இடமும் கிடைத்தது. சைதாப்பேட்டையில் இறங்கினால் டீக்கடை ரேடியோவைச் சுற்றி இருநூறு பேர். மணீந்தர் அவுட்டானதை நான் கேட்டது அங்கேதான், ஒரு மசால் வடையைக் கையில் வைத்துக்கொண்டு.

அதோடு விட்டிருக்கலாம். மறு வருஷம் பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் கிரிக்கெட் பைத்தியம். “சேப்பாக்கம் டெஸ்ட் பாத்தீங்களா மாப்பிள்ளை?” என்றார். நான் மணீந்தரின் கால்காப்பில் பந்து பட்டதிலிருந்து அம்பயர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கியது வரை நடித்தே காட்டினேன். பஜ்ஜி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், அன்றைக்கே பெண்ணைக் கொடுக்கச் சம்மதித்தார். என் குடும்ப வாழ்க்கைக்கான சான்றிதழே அந்தக் கடைசிப் பந்துதான்.

வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டம்மா வந்து நின்றாள். சொல்லிவிட்டேன். 38 வருஷப் பொய்யை ஒரே மூச்சில்.

அவள் ஆச்சரியப்படவே இல்லை. “கல்யாணமான மறு வாரமே அத்தை சொல்லிட்டாங்களே. அன்னைக்கு அஞ்சரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, வடை தின்ன வயித்தோட சாப்பாடு வேண்டாம்னீங்களாம்.”

“தெரிஞ்சுமா இத்தனை வருஷம் சும்மா இருந்தே?”

“என்ன பண்றது? உள்ளது உள்ளபடிதானே எடுத்தேன்” என்று விளக்கை அணைத்தாள்.

மறுநாள் உண்மையை எழுதி அனுப்பினேன். கவாஸ்கர், ரயில், ரேடியோ, வடை எல்லாம். கூடவே பின்புறக் கையெழுத்து ஸ்ரீகாந்துடையது அல்ல, என் தாயாருடையது; வசம்பு எங்கள் வீட்டுக்கு அல்ல, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு என்றும் எழுதினேன். விற்பனை ரத்தாகும் என்று தெரியும்.

இரண்டு நாளில் போன் வந்தது. வயசான குரல்.

“சார், உங்க லெட்டர் வந்துச்சு. நான் டிக்கெட்டை எடுத்துக்கறேன்.”

“ஐயா, நான் கடைசிப் பந்தைப் பார்க்கலையே?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, வீட்டில் யாரும் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “நான் அன்னைக்கு ஊர்லயே இல்லை சார். கும்பகோணத்துல ஒரு கல்யாணம். ஆனா போனேன் போனேன்னு சொல்லிட்டேன். இப்ப பேரன், ‘டிக்கெட் எங்கே தாத்தா?’ன்னு கேக்கறான்.”

எனக்குத் தொண்டை அடைத்தது. ஏலத்துக்கு வந்த நாளிலிருந்து வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒருவரையொருவர் இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டு நான் பார்த்ததில்லை.

என் பேரனுக்கு அந்தக் கவலை இல்லை. ஷோகேஸில் இருந்த மட்டையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். நல்ல மட்டையாம், வாரண்டி முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. டென்னிஸ் பந்து பட்டுப் பட்டு 1986 அணி ஒவ்வொருவராக அழிந்துகொண்டிருக்கிறது. போன வாரம் சாஸ்திரி போனார். சச்சின் மட்டும் நாட் அவுட்.

போனில் பெரியவர் இன்னும் இருந்தார். வைக்க மனசில்லாதது போல ஒரு செருமல்.

“சார், ஒண்ணே ஒண்ணு. அந்தக் கடைசிப் பந்து எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன். பேரன் கேட்டா தடுமாறக் கூடாது பாருங்க.”

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சமையலறையில் மிக்ஸி சட்டென்று நின்றது.

“எழுதிக்கோங்க ஐயா” என்று ஆரம்பித்தேன். “நான் உட்கார்ந்த இடத்துலேருந்து மணீந்தர் கால் நல்லாத் தெரிஞ்சுது…”